வாசிப்பாரற்ற இசைக்கருவியை விற்றல் தகுமோ?

கருவி என்னும் சொல் சைவசித்தாந்திகளுக்கு மிகவும் பழகியதொன்றாம். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 ஆகிய 36 தத்துவங்களையும் உயிர்க்குக் கருவியென்றே நூல்கள் பேசும். கண் தானே காணாது. செவி தானே கேளாது. உயிர் அவற்றோடு கூடியவிடத்தே காட்சியுங் கேள்வியும் நிகழும். அவ்வுயிர்க்கும் திருவருள் உடனின்று உணர்த்தினாலன்றி அறிவு நிகழாது. இம்முறைமையை உணர்ந்தார், பரண்மேற் கிடக்கும் ஒரு குழலையோ வீணையையோ காணுமிடத்து, அது வாசிப்பானொருவனை நோக்கிக் கிடக்கின்றது என்றே கொள்வர். வாசிப்பான் இல்லாதவழி அப்பொருள் யாதாம்? அதனை வைத்திருப்பான் அதற்கு யாராவான்? அதனைப் பொருளுக்கு மாற்றுதல் தகுமோ, தகாதோ? வினா சிறிதுபோலத் தோன்றும். ஆயினும் ‘எனது’ என்னும் சொல்லின் வேர்வரை அது செல்லுதலின், ஈண்டு ஆராயப்படுகின்றது.

இதனை எம்முன் வைத்தவர் நெல்லிவாசல்நாட்டு அன்பரொருவர். அந்நாடு சவ்வாது மலைமேல் உள்ளது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்பனவற்றோடு ஒருங்கு எண்ணப்படுவது. 2019-இல் வேலூரினின்று பிரிக்கப்பெற்ற திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு வாழும் மலையாளிக் குடியினர் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவரென்று கூறும் வழக்கினர். அன்பர் வீட்டில் செப்பாலாகிய பழைய கொம்பொன்று உண்டு. பாட்டனார் தம் கைப்பொருள் கொடுத்து வாங்கியது. தந்தையார் ஊர்த் திருவிழாக்களில் ஊதியது. மகனாகிய இவர்க்கு ஊதும் பயிற்சியில்லை. பன்னிரண்டாண்டாகப் பரணிற் கிடக்கின்றது. கீழ்நாட்டினின்று ஏறிவந்த வணிகனொருவன் முதலில் எடைக்கு விலை பேசினான். பின்னர் அதன் பழமையைக் கண்டு விலையை உயர்த்தினான். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளும் நெருங்கிற்று. ‘ஐயா, இதனை விற்றால் குற்றமாகுமோ?’ என்பதே அவர் வினா.

கொம்பு அம்மலைப் பக்கத்துக்குப் புதியதொரு பொருளன்று. சவ்வாது மலைக்குத் தெற்கேயுள்ள செங்கமே மலைபடுகடாம் கூறும் செங்கண்மா. நன்னன்சேய் நன்னனது ஊர். அவனை நாடிச் சென்ற கூத்தர் சுமந்த கருவிகளை, பெருங்கௌசிகனார் அப்பாட்டின் தொடக்கத்திலேயே நிரல்பட வைத்தார்: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனச் செல்லும் அந்நிரல். ‘கோடு’ என்பதே கொம்பு. அதனை மயிற்பீலி அணிந்ததாகப் புலவர் காட்டுகின்றார். அந்நிரலிலுள்ள பெயர்களிற் பலவற்றை இக்காலத்தார் உரையாசிரியர் துணையின்றி அறியார். கொம்போ இன்னும் பெயரும் உருவும் மாறாதிருக்கின்றது. ஆதலின் அன்பர் பரணிற் கிடப்பது ஒரு வீட்டின் பழம்பொருள் மட்டுமேயென்று கருதற்க.

இனி, விற்றல் கூடாது என்பாரது கூற்றை முதற்கண் நோக்குவாம். தந்தையின் மூச்சுப் புகுந்த கருவி தந்தையை ஒக்கும். அதனை விற்றல் தந்தையை விற்றலாம் என்பர் அவர். இவ்வுணர்ச்சி நல்லதே. ஆயின் அவ்வுணர்ச்சியுடையார் அக்கருவிக்குச் செய்வது யாது? ஆண்டுக்கொருநாள், நவராத்திரியின் இறுதியில், பரணினின்று இறக்கித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். மறுநாள் மீட்டும் பரணில் ஏற்றுகின்றனர். எஞ்சிய நாளெல்லாம் மரமாயின் பிளக்கும், தோலாயின் எலிக்கு இரையாம், நரம்பாயின் அறும், செம்பாயின் களிம்பேறும். பூட்டிவைத்தலே காத்தலென்று கருதுவார்க்குச் சைவருலகம் நன்கறிந்த சான்றொன்று உண்டு. மூவர் திருப்பதிகங்கள் தில்லையில் அடைத்துப் பூட்டிய அறையினுள் இருந்தன. திறந்தபொழுது புற்று மூடிக் கிடந்தன, எஞ்சியன சிலவே. இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் நிறுத்தினோமென எழுந்த அருள்மொழியைத் திருமுறைகண்ட புராணத்தால் அறிவோம்; அதனை மறுக்கப் புகுந்தோமல்லோம். ஆயினும் அதே புராணம் அதன்பின் கூறுவதனை நம்மவர் போதிய அளவு சிந்திப்பதில்லை. அப்பதிகங்களுக்குப் பண் வகுக்க வேண்டியவிடத்து அரசனும் நம்பியாண்டார் நம்பியும் வேறோர் அறையைத் திறந்திலர். திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டே வகுத்தனர். அறையில் வைத்த ஏடு செல்லரித்தது. ஒரு குடியின் நாவிலும் செவியிலும் இருந்த பண் அழியாது நின்றது. பரணை நம்புவார் இதனை எண்ணுக.

அற்றேல், ‘கருவி சடம், சடத்துக்கு இன்பதுன்பமில்லை, ஆதலின் விற்றலில் ஆராய்ச்சி எற்றுக்கு?’ என்பார் மற்றொரு சாரார். இவர் சித்தாந்தத்திற் பாதியைக் கற்று விடுத்தவர். மாயையிலிருந்து தனு கரண புவன போகங்களை இறைவன் தோற்றுவித்துத் தந்தது, ஆணவ இருளில் அறிவின்றிக் கிடந்த உயிர் அவற்றைக் கைவிளக்காகக் கொண்டு மேலேறுதற் பொருட்டு. கருவிகளின் வேறாகத் தன்னைக் காணும் உயிர் அவற்றை விட்டு நீங்குதல் தத்துவசுத்தி. சலிப்பினாலும் பணவிருப்பினாலும் எறிந்துவிடுதல் அஃதன்று. இவ்விரண்டும் புறத்தே ஒரு செயல்போலத் தோன்றும். ‘பற்றின்மையால் விற்றேன்’ என்பவன் வாங்கிய பணத்தின்மேற் பற்றுடையனாயின், கொம்பின்மேல் நின்ற ‘எனது’ காசின்மேல் மாறிற்று, அவ்வளவே. ஆகவே, சடமென்பது கருவியைக் குறித்த உண்மையேயாயினும், விற்பவனைக் குறித்து அது ஒன்றும் தீர்ப்பதில்லை.

ஈண்டு முதலாவதாகத் தெரியவேண்டுவது, இப்பொருள் யாருடையது என்பது. இறைவன் திருப்பணிக்கென ஒருகால் கொடுக்கப்பட்டதாயின் அது சிவத்திரவியம். கொடுத்தவன் பேரனுக்கும் அதன்மேல் உரிமையில்லை. பூட்டுத் திறவுகோல் வைத்திருக்கும் கணக்கனுக்கும் இல்லை. திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் உள்ள ஐம்முக முழவத்தை, எத்துணை நாள் ஒலியாதிருப்பினும், ஒருவன் விலைபேச எண்ணுவானோ? ஆனால் சிவத்திரவியத்துக்கு விலையே கூடாதென்று நம் முன்னோர் கருதவில்லை. கோயில் நிலங்களை விற்றபொழுதும் சண்டேசுரர் பெயரால் ஆவணம் எழுதினர். பலரறியக் கூறி விற்ற விலையைச் சண்டேசுரப் பெருவிலை என்றனர். சிவபூசைக்குரிய பாலைச் சிந்தியவன் தந்தையென்றும் பாராது வெட்டிய ஒருவரை, சிவபெருமானது உடைமைக்கு ஆவணப் பெயராக வைத்த அவ்வறிவு வியக்கத்தக்கது. விற்கலாம், ஆனால் மறைவில் விற்கலாகாது, விற்பவன் தனக்கென்று விற்கலாகாது என்பது அதன் கருத்து. அன்பரது கொம்போ பாட்டனார் தம் பொருளால் வாங்கியது. ஆதலின் உடைமை அவருடையதே. எனினும் அதன் ஒலி ஊர்த் தெய்வத்தின் விழாவுக்கு உரியதாயிருந்தது. உலோகம் வீட்டினது, ஒலி ஊரினது என்று பிரித்துக் காண்டல் வேண்டும். ஆதலின் ஊராரைக் கேளாது விற்றல், வழக்கு மன்றத்திற் குற்றமாகாவிடினும், முறையாகாது.

இரண்டாவதாகத் தெரியவேண்டுவதே எமக்குச் சிறந்ததாகப் படுவது. அதனை ஓதுவார் மரபினர் பலரும் அறிந்த கல்வெட்டொன்றால் விளக்குவாம். தஞ்சை இராசராசேச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பிடாரரையும், அவரோடு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் முதலாம் இராசராசன் அமைத்தான். ஆளொன்றுக்கு நாள்தோறும் 3 குறுணி நெல். இவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும். அவ்வுறவினர்க்குத் தகுதியில்லையாயின், தகுதியுடையாரைத் தாம் தேர்ந்து அப்பணியில் நிறுத்தவேண்டும். உறவினரே இல்லையாயின், எஞ்சிய பணியாளர் கூடித் தக்காரைத் தேர்தல் வேண்டும். இக்கட்டளையின் நுட்பத்தைப் பார்க்க. அரசன் மரபுரிமையை அழித்தானல்லன், மதித்தான். ஆயின், பிறப்பால் உரிமை வந்தவன் பாடமாட்டானாயின், பாடவல்லானைத் தேடும் கடன் அவன் தலையிலேயே ஏறுகின்றது. பாட்டு நிற்றலாகாது, அதுவே முடிபு. இதனை இசைக்கருவிக்கும் ஏற்றிப் பார்த்தால், ஊதத் தெரியாத மகனுக்குக் கொம்போடு கூட வந்த உரிமை, ஊதவல்லானைத் தேடும் கடனாகின்றது. தேடிய பின்னர் அவனிடம் விலைக்குக் கொடுத்தாலும், வாளா கொடுத்தாலும், அக்கடன் நிறைவேறும். தேடாமல் வைத்திருத்தலும் தேடாமல் விற்றலும் அக்கடனைச் செய்யாமையில் ஒன்றே.

இனி, ‘வாசிப்பாரில்லை’ என்பது ஒருவகையினதன்று. கருவி பழுதுற்றுக் கிடத்தல் வேறு. வாசிப்பான் இல்லாமற் கிடத்தல் வேறு. இசையே வேறுவழிச் சென்றமையாற் கிடத்தல் வேறு. மூன்றாவதற்கு நம் கண்முன் நிகழ்ந்த எடுத்துக்காட்டு நாகசுரம். முன்னாளில் வழங்கியது திமிரி. குறுகியது, உச்சமான சுருதியுடையது. கோபுரத்துக்கு அப்பாலும் கேட்பது. நீண்டு சுருதி தாழ்ந்த பாரி நாகசுரம் பின்னர்ப் பரவிற்று. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய இராசரத்தினம் பிள்ளை (1898–1956) அதனை ஏற்று வாசித்த பெருமையும், நரசிங்கம்பேட்டை அரங்கநாதன் ஆசாரியாரின் கைத்திறனுமே அதற்குப் பெருங்காரணம். பாரி வந்தபின் திமிரிகள் வீடுதோறும் உறங்கலாயின. நாகசுரத்துக்குப் பக்கத்தே இடையறாது ஒரே சுரத்தை நிறுத்திக்கொண்டிருந்த ஒத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சுருதிப்பெட்டி வந்தது, மின்விசையால் ஒலிப்பதும் வந்தது, ஒத்து ஊதுவார்க்கு இருக்கை இல்லாதாயிற்று. கன்னம் புடைக்க மூச்சை அடக்கி ஒரு சுரத்தையே பற்றிநின்ற அவர்களை, மேளத்தில் யாரும் பெரிதாக எண்ணியதில்லை. எண்ணியிருக்க வேண்டும், பல சுரங்கள் திரிந்து உலவுதற்கு, திரியாத ஒன்று பின்னே நிற்றல் வேண்டும் என்பதனைச் சித்தாந்திகளுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. இப்பொழுதோ பல கோயில்களில் மேளத்துக்கே இடமின்றி, பூசைக்காலத்தில் மணியும் முரசும் தாமே முழங்கும் மின்பொறி வைத்துள்ளனர். அப்பொறிக்குப் பசியில்லை, கூலியில்லை, பண்ணும் இல்லை.

இசை மாறியதனால் ஓய்ந்த கருவியை வற்புறுத்தி ஒலிப்பித்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. அதனை விற்பானைக் குறைகூறுதலும் நேர்மையன்று. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைவோர் தேடுவது புதுமரத்தையன்று. பழைய வீடுகளைப் பிரிக்கும்பொழுது கிடைக்கும், ஆண்டு பல கண்டு உலர்ந்த ஆச்சாமரத்தையே தேடி வாங்குகின்றனர். யாரோ ஒருவர் தம் பாட்டன் வீட்டு உத்திரத்தை விற்றார், அது நாகசுரமாயிற்று. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்நாகசுரங்களின் பின்னே இவ்வாறு விற்கப்பட்ட வீடுகள் உள்ளன. விலைபோதலெல்லாம் வீழ்ச்சியென்பது பிழையென இதனால் அறிக.

கருவியைத் துறக்கும் எண்ணம் சிலகால் நாணத்தினின்றும் பிறக்கும். தருமபுரத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய திருப்பதிகம் யாழில் அடங்காதாயிற்று. யாழ்ப்பாணர் அக்கருவியாலன்றோ இவ்விழிவு வந்ததென்று அதனை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, யாழை வாங்கி, சிவசத்தியின் பெருமை இக்கருவியில் முற்றும் அடங்குமோவென அருளி, இயன்ற அளவு வாசிக்குமாறு மீட்டும் அவர் கையிற் கொடுத்தார். ‘யாழ்முரி’ என்னும் பெயரைக் கொண்டு யாழ் முரிந்ததென்றே கருதுவார் உளர். சேக்கிழார் வாக்கின்படி யாழ் முரியவில்லை, முரிக்க எழுந்த கை தடுக்கப்பட்டது. ‘எனக்கு நன்றாக வாசிக்க வரவில்லை, ஆதலின் விற்றுவிடுகின்றேன்’ என்று கூறும் இளைஞர் இக்காலத்து மிகப் பலர். அவர்க்கு விடை தருமபுரத்திலேயே கிடைத்துவிட்டது. இயன்ற அளவு வாசித்தல் என்பது அடியார்க்கு விதிக்கப்பட்ட பணி. வாசிக்கக் கூடியவன் கையிலிருக்கும் கருவி இவ்வாராய்ச்சிக்கு உரியதே அன்று.

மற்று, அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தல் எத்தகையது? கண்ணாடிக்குள் நிறுத்திய குழல் ஒலியாது. பரணுக்கும் அதற்கும் வேறுபாடு வெளிச்சம் ஒன்றே என்று சிலர் நகைப்பர். அந்நகைப்பு முழுதும் பொருந்தாது. பண்டைத் தமிழரின் யாழ்களுள் ஒன்றேனும் உருவோடு நமக்குக் கிடைக்கவில்லை. விபுலாநந்த அடிகள் பல்லாண்டு முயன்று, இலக்கியத்தையும் கணக்கையும் துணைக்கொண்டு யாழின் அமைப்பை மீட்டெழுதினார். அவரது யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947-இல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். ஒரே ஒரு பழைய யாழ், ஊமையாகவேனும், எங்கேனும் ஒரு மூலையில் இருந்திருக்குமாயின், அவ்வுழைப்பிற் பெரும்பகுதி வேண்டியிராது. ஆதலின் தன் இனத்தில் அரிதாகிவிட்ட கருவிக்கு, ஒலிப்பார் எவரும் கிடையாதவிடத்து, அருங்காட்சியகம் நல்லிடமே. கல்கத்தாவின் சௌரீந்திரமோகன தாகூர் 1876-இல் இந்திய இசைக்கருவிகள் பலவற்றைப் பெல்சிய நாட்டு மன்னர்க்கு வழங்கினார். அவை இன்றும் பிரசெல்சு நகரத்துக் காட்சிச்சாலையில் உள்ளன. அவர் செய்தது போல இன்று எவரும் செய்தல் இயலாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் நூறாண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலைத் தடுக்கின்றது. உரிமம் பெறாத வணிகன் தொல்பொருள் வாணிகம் செய்தலும் அச்சட்டத்தால் குற்றம். மலையேறி வந்து விலைபேசும் வணிகரை இதுகுறித்து வினவுதல் நன்று. பெரும்பாலார் அவ்வினாவோடு மலையிறங்கிவிடுவர்.

இறுதியாக வறுமை. இதனைப் பேசாது விடுவார் ஆராய்ச்சி, வயிறு நிரம்பினார் ஆராய்ச்சியாம். குங்கிலியக்கலய நாயனார் மனைவியார் தந்த தாலியைக் கொண்டு நெல் வாங்கச் சென்றவர், எதிர்ப்பட்ட குங்கிலியப் பொதியை அதற்கு மாறாகப் பெற்றுத் திருக்கடவூர்ப் பெருமானுக்குப் பணிசெய்தார். வீட்டில் மக்கள் பசித்திருந்தனர். இதனை எடுத்துக்காட்டி, ‘தாலியையே விற்றார்; நீ கொம்பை விற்கக் கூசுவதென்ன?’ எனவும் கூறலாம், ‘மக்கள் பசியையும் பொருட்படுத்தாது தொண்டைக் காத்தார், நீ மகள் கட்டணத்துக்காகத் தெய்வக் கொம்பை விற்பதோ?’ எனவும் கூறலாம். ஒரே வரலாறு இருபக்கமும் வெட்டுகின்றது. எம் கருத்து இது: நாயன்மார் செயல்கள் அவரவர் அன்பின் மிகுதியால் தமக்குத் தாமே விதித்துக்கொண்டவை. கலயனார் தம் வீட்டுப் பசியைத் தாமும் பட்டார். பிறன் வீட்டுப் பசியைத் தொண்டாக்கும் உரிமையை எந்த நூலும் நமக்குத் தரவில்லை. மடத்திலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மலைக்குடி ஒன்றைப் பார்த்து, ‘மரபைக் காப்பாயாக, விற்காதே’ என்று கூறி, நாம் கைகழுவி அமர்தல் எளிது. காக்கவேண்டுமென்று விரும்புவார் காத்தற்குரிய பொருளையும் கொடுத்தல் வேண்டும்.

ஆதலின் அன்பர்க்கு யாம் கூறியது இதுவே. எடைக்கு வாங்குவானுக்குக் கொடுக்கவேண்டாம். அது உருக்கும் உலைக்குச் செல்லும். முதலில் ஊர்க் கூட்டத்திற் சொல்லுக. ஊரார் ஏற்பாராயின் அவரிடமே விலை பெறுக. குறைந்ததாயினும் அதுவே நல்ல விலை. ஊரில் ஊதுவாரில்லையேல், திருவண்ணாமலைப் பக்கத்தும் திருப்பத்தூர்ப் பக்கத்தும் திருவிழாக்களிற் கொம்பு ஊதுவோர் உளரோவெனத் தேடுக. ஊதுபவன் தருவது வணிகன் தருவதிற் பாதியாயினும் அவனுக்கே விற்க. அவனும் கிடையாதவழி அருங்காட்சியகம். இவையெல்லாம் செய்தும், கட்டணநாள் வந்து மகள் படிப்பு நிற்குமென்னும் நிலை வருமாயின், உரிமமுடைய வணிகனுக்கு விற்க. அதில் பாவம் சிறிதும் இல்லை. அந்நிலையிலும் அவர் ஒன்று செய்யலாம்: கொம்பு கைமாறுமுன், ஊதத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து, ஊர்ச் சிறுவர் கேட்க ஒருமுறை ஊதுவித்தல். கேளாத ஒலியை எச்சிறுவனும் கற்க விரும்பான்.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆதீனத்தாரும் கோயிற் பொறுப்பாளரும் மலைநாட்டு அன்பரைக் குறித்தே இது எழுதப்பட்டதென்று கொள்ளற்க. தம் ஆளுகைக்குட்பட்ட கோயில்களின் வாகன அறைகளில், கிழிந்த திரைச்சீலைகளுக்கடியில், திமிரியும் ஒத்தும் முகவீணையும் எக்காளமும் திருச்சின்னமும் கிடக்கின்றனவோவென ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். அவை சிவத்திரவியம், விற்றற்கு நமக்கு உரிமையில்லை, ஆயின் ஊமையாக்கி வைத்தற்கும் உரிமையில்லை. இன்ன கருவி, இன்னார் உபயம், கடைசியாக வாசித்தவர் இன்னார், சுருதி இன்னது என ஏட்டில் எழுதி, பயில விரும்பும் மாணவர் கையில் ஆண்டு எல்லைவைத்துக் கொடுக்கலாம். உட்புறம் பச்சைக்களிம்பு ஏறிய செப்புக் கருவிகளைப் புளியிட்டு விளக்கி, நன்கு கழுவி, வெயிலில் உலர்த்திய பின்னரே ஊதக் கொடுத்தல் வேண்டும்.